இத்தாலிக்குப் போகிறவர்கள் ஓர்வியேத்தோவில் இறங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் 31 ஆண்டு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இத்தாலிக்கு இரண்டு முறை போய்வந்தவள் என்று தெரிந்தபின், அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் வீடு தேடி வருவார்கள். கையில் ஒரு தாள் இருக்கும். ரோம் இரண்டு நாள், நேப்பிள்ஸ் ஒரு நாள், பைசா அரை நாள், ஃபுளோரன்ஸ் ஒரு நாள், வெனிஸ் ஒரு நாள், மிலான் அரை நாள். "டீச்சர், சரியா இருக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் பேனாவை எடுத்துப் பாதி ஊர்களை அடித்துவிடுவேன். முகம் வாடிப்போகும். இவ்வளவு பணம் செலவழித்து அவ்வளவு தூரம் போய் ஓர் ஊரை விட்டுவிட்டு வருவதா என்ற ஏக்கம் எனக்கும் புரியாததில்லை. ஆனால் என் முதல் பயணம் அதே தாளைப் போலத்தான் இருந்தது. 9 நாளில் 7 ஊர்.

ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு போனோம். ஃபுளோரன்ஸில் எங்களை இறக்கிவிட்டது ஒரு திங்கட்கிழமை. மிக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலை இருக்கும் அக்காதெமியா கூடம் திங்கட்கிழமை திறக்காது. ஓவியங்கள் நிறைந்த உஃபிஸியும் திறக்காது. திட்டம் போட்டவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. 1501இல் தொடங்கி 1504இல் முடித்த சிலை, ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம், மற்றவர்கள் கைவிட்ட ஒரே பளிங்குக் கல்லில் எடுத்தது என்று எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருப்பேன்! சதுக்கத்தில் வெயிலில் நிற்கும் நகலைக் காட்டி, "இதுவும் அதேமாதிரிதாம்மா" என்றார் உடன் வந்த வழிகாட்டி. உண்மைச் சிலையை 1873இலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மூடிய கதவு வரை போய்த் திரும்பினேன். அன்று இரவே முடிவெடுத்துவிட்டேன், இன்னொரு முறை வருவதென்றால் திட்டம் என் கையால்தான் போடுவேன் என்று.

இரண்டாவது முறை அக்காவும் நானும் மட்டும் போனோம். 16 இரவு. அந்தத் திட்டத்தை எப்படிப் போட்டோம் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நாள்காட்டி. மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஃபுளோரன்ஸ் இருக்கும் தஸ்கனிப் பகுதியில் அப்போது கோதுமை பச்சையாக நிற்கும். வரப்புகளில் சிவப்புக் கசகசாப் பூக்கள் பூத்துக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் போனால் அறுவடை முடிந்து நிலம் வெறும் மண்ணாக இருக்கும், வெயிலும் நம் ஊர்க் கத்தரிக்குச் சளைக்காது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இத்தாலியர்களே கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நல்ல காலம், திராட்சை பறிப்பு நடக்கும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக் கூட்டம் சேர்வதற்குள் செய்துவிடுங்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பம் நகராது.

பிறகு, மூடும் நாள்கள். ஒரு தாளில் ஏழு கிழமைகளையும் எழுதி, எதெது என்றைக்கு மூடியிருக்கும் என்று குறித்துக்கொண்டோம். ஃபுளோரன்ஸின் இரண்டு கூடங்களுக்கும் திங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், ஆனால் அன்று கூட்டம் தாங்காது. சிறிய ஊர்த் தேவாலயங்கள் நண்பகலில் பூட்டி, மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும். இதைத் தெரிந்துகொண்டால் ஊர்களின் வரிசை தானாக அமைந்துவிடும். ரோமின் கொலோசியத்துக்கு நுழைவு நேரம் குறித்த சீட்டு. அதில் நம் பெயர் இருக்கும், கடவுச்சீட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். மிலானில் லியோனார்தோவின் 'இறுதி இராவுணவு' பார்க்க ஆசை இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்கு முன்பதிவு கிடைக்கிறதா என்று பாருங்கள். சிறு சிறு குழுவாக, 15 நிமிடம்தான் உள்ளே விடுவார்கள்.

அடுத்தது ரயில். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். எல்லோரும் அதில்தான் போகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே பழைய பாதை ஒன்று ஓடுகிறது, சாதாரண ரயில்கள் நின்று நின்று போகும் பாதை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு பெரிய பாறை எழுந்து நிற்கும், அதன் தலையில் ஓர் ஊர். அதுதான் ஓர்வியேத்தோ. அங்கே இறங்குங்கள். ஒரு நிமிடம், இறங்குவதற்கு முன் இன்னொன்று. இந்த ரயில்களுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்குள் நடைமேடையில் இருக்கும் சிறிய எந்திரத்தில் சொருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு செல்லாது, அபராதம் கேட்பார்கள். நிலையப் பலகைகளில் ஃபுளோரன்ஸ் என்று தேடினால் கிடைக்காது. ஃபிரென்ஸே என்று இருக்கும். வெனிஸ் அங்கே வெனேட்ஸியா.

ஓர்வியேத்தோ நிலையத்துக்கு எதிரிலேயே பாறைமேல் ஏற்றிவிடும் இழுவை வண்டி இருக்கிறது. மேலே போய் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடியபோது, போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி இந்த ஊருக்கு வந்து ஒளிந்தார். ஏறி வர முடியாத பாறைதான், ஆனால் எதிரி கீழே முற்றுகை போட்டு உட்கார்ந்துவிட்டால் குடிக்கத் தண்ணீர் ஏது? கிணறு வெட்டச் சொன்னார். கட்டடக் கலைஞர் அந்தோனியோ த சங்கால்லோ வெட்டிக் கொடுத்தது 53 மீட்டர் ஆழம். போப் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1537இல்தான் வேலை முடிந்தது.

கிணறு என்றதும் நமக்குத் தோன்றும் கிணறு இல்லை அது. கிணற்றுச் சுவருக்குள்ளே இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒன்றை ஒன்று சுற்றியபடி இறங்குகின்றன. ஒன்று இறங்க, மற்றது ஏற. ஒவ்வொன்றிலும் 248 படி. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒரு வாசலில் நுழைந்து, அடியில் இருக்கும் சிறு பாலத்தைக் கடந்து, எதிரே வரும் கழுதையோடு முட்டாமல் மறு வாசலில் வெளியே வந்துவிடும். அதற்காகப் படிகளும் அகலமாக, சரிவாக, குளம்பு வைக்கத் தோதாக இருக்கின்றன. சுற்றிலும் 70 சாளரம். எனக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு சாளரத்திலும் நின்று நின்றுதான் இறங்கினேன். ஒரு சாளரத்தில் எட்டிப் பார்த்தால், கிணற்றின் எதிர்ச்சுவர்ச் சாளரத்தில் அக்கா. எனக்கு முன்னால் இறங்கியவள், அடியைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டிருக்கிறாள். கையசைக்கிறாள். கூப்பிட்டால் குரல் கேட்கிறது. ஆனால் அவள் படியும் என் படியும் வழியில் எங்குமே சேராது. மேலே ஒரு வட்ட ஆகாயம், கீழே பச்சை நீர், சுவரில் ஈரப் பாசி மணம். 500 ஆண்டுகளுக்கு முன் கழுதையின் நடையை நினைத்து ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பகல் பேருந்துகளில் வந்தவர்கள் மாலை ஐந்தரைக்குள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் அந்த ஊராக இருக்கிறது. 1290இல் தொடங்கிய பேராலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. அந்தி வெயில் அதன் பொன் பூசிய சில்லுகளில் விழும்போது, எதிரே இருக்கும் கல் திண்டில் உள்ளூர்ப் பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இரவு தங்கினால்தான் இது கிடைக்கும். அதனால்தான் ஊர்களை அடிக்கிறேன்.

அங்கிருந்து கியூஸி நிலையத்தில் ரயில் மாறி சியெனா போனோம். சியெனாவின் நகர மண்டபத்தில் அம்புரோஜியோ லொரென்ஸெத்தி 1338–39இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. நல்ல ஆட்சி நடந்தால் ஊர் எப்படி இருக்கும், நாடு எப்படி இருக்கும் என்று ஒரு சுவர் முழுக்க வரைந்திருக்கிறார். ஊருக்குள் கொத்தனார்கள் கட்டடம் எழுப்புகிறார்கள், பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். கோட்டை வாசலுக்கு வெளியே களத்தில் கதிரடிக்கிறார்கள். தோளில் வெள்ளைப் பட்டை போட்ட பன்றியை ஒருவர் சந்தைக்கு ஓட்டிவருகிறார். ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழு கூடும் அறை அது. தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர்கள் கண் முன்னால் இதை வைத்திருந்தார்கள். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள், 1348இல் கொள்ளைநோய் வந்து ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு முன் உலகத்திலேயே பெரிய தேவாலயங்களில் ஒன்றாக்க வேண்டுமென்று அவர்கள் விரிவாக்கத் தொடங்கிய பேராலயம் பாதியில் நின்றது. கூரை இல்லாத அந்த ஒற்றைச் சுவர் இன்னும் நிற்கிறது. உள்ளே குறுகலான படி ஏறி உச்சிக்குப் போகலாம். ஊரும், ஊருக்கு அப்பால் ஓவியத்தில் பார்த்த அதே குன்றுகளும் தெரியும்.

அந்தக் குன்றுகளுக்குள்தான் அடுத்த நான்கு இரவு. ஓர்ச்சா பள்ளத்தாக்கு என்று பெயர், 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மலையையும் காட்டையும் காப்பதுபோல் ஒரு விவசாய நிலத்தைக் காக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. பேருந்து குறைவு, ஞாயிறன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கார் வேண்டும். நம் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு அனுமதிச் சான்றையும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அக்காதான் ஓட்டினாள். பழைய நகரங்களின் வாசலில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை இருக்கும். உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் என்று பொருள். தடுப்புக் கம்பம் இருக்காது, காவலர் இருக்கமாட்டார், ஒரு கேமரா மட்டும் இருக்கும். நாங்கள் ஒரு முறை தெரியாமல் நுழைந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து அபராதக் கடிதம் வீட்டுக்கே வந்தது. காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

தங்கியது ஒரு பண்ணை வீட்டில். பயிரும் செய்து, நாலு அறையை விருந்தினருக்கு விடும் வீடுகள் அங்கே நிறைய. பக்கத்தில் பியென்சா. இரண்டாம் பயஸ் என்ற போப், தாம் பிறந்த குக்கிராமத்தை 1459இல் தொடங்கி ஒரு முன்மாதிரி நகரமாக மாற்றிக் கட்டினார். முழுக்க நடந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். தெருவெல்லாம் செம்மறியாட்டுப் பால் பாலாடைக்கட்டி மணக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பாலாடைக்கட்டியை உறையவைக்கப் பல இடங்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறை சேர்க்கிறார்கள். பர்மேசானில் அது கட்டாயம் உண்டு. சூப்பிலும் மாமிசச் சாறு இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை, வெள்ளை மொச்சை, பூண்டும் தக்காளியும் போட்ட தடித்த பிச்சி நூடுல்ஸ் என்று வயிறு நிறைய வழி இருக்கிறது. தஸ்கனி ரொட்டியில் உப்புப் போடமாட்டார்கள். முதல் நாள் சப்பென்று இருக்கும். அந்த ஊர் ஆலிவ் எண்ணெயும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டால் பிடித்துப்போகும். இதே பக்கத்தில்தான் மோந்தெபுல்சியானோ. 1606இல் மதுரைக்கு வந்து தமிழில் உரைநடை எழுதிய தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியின் குடும்பம் இந்த ஊரைச் சேர்ந்தது.

ஃபுளோரன்ஸுக்கு மூன்று இரவு. இந்த முறை செவ்வாய்க்கிழமை போய்த் தாவீதைப் பார்த்தேன். கல்லை இறுகப் பற்றிய அந்த வலக்கையின் நரம்புகளை நகலில் பார்க்கவே முடியாது. வெனிஸுக்கு இரண்டு இரவு. பகலில் வந்து போகிறவர்களிடம் சில குறித்த நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். தங்குகிறவர்களுக்குக் கிடையாது, ஆனால் பதிந்துகொள்ள வேண்டும். பெட்டி சிறியதாக இருக்கட்டும். 400க்கும் மேல் பாலம் இருக்கும் ஊர், பாலமெல்லாம் படிகள்.

திரும்பும் விமானத்தை மிலானிலிருந்து போட்டோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வெனிஸிலிருந்து மிலான் போகும் ரயில்பாதையில் தெசென்சானோ என்ற நிலையம். அங்கிருந்து சிறிது தூரத்தில் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூர். சுற்றுலாக்காரர்கள் யாரும் போவதில்லை. 1859 ஜூன் 24இல் பக்கத்து சொல்ஃபெரினோவில் நடந்த போரில் அடிபட்ட ஆயிரக்கணக்கான வீரர்களை இந்த ஊர்த் தேவாலயங்களில் கொண்டுவந்து கிடத்தினார்கள். 'எல்லாரும் சகோதரர்களே' என்று சொல்லி, எந்தப் படை என்று பாராமல் ஊர்ப் பெண்கள் காயம் கழுவினார்கள். கூட நின்று பார்த்த ஹென்றி துனாந்த் என்ற வணிகரின் மனத்தில்தான் செஞ்சிலுவைச் சங்கம் முளைத்தது. அதற்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று கும்பிடும் அலோய்சியஸ் கொன்சாகாவும் 1568இல் அங்கேதான் பிறந்தார்.

இன்னொருவரும் அந்த ஊரில் பிறந்தார், 1680இல். கொன்ஸ்தான்சோ பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். சதுரகராதி தொகுத்தவர், தேம்பாவணி பாடியவர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு செய்தவர் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்த ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கடையில் நின்றபடி காப்பி குடித்தோம். நின்று குடித்தால் விலை குறைவு. பையிலிருந்து நோட்டை எடுத்து, அன்றைய தேதி போட்டு, ஊரின் பெயரைத் தமிழில் எழுதினேன். அதில் எத்தனை நெடில் ஏகாரம் வருகிறது என்று அக்கா விரலால் எண்ணிப் பார்த்தாள். நான்கு. அதற்குள் தெசென்சானோ போகும் பேருந்து வந்துவிட்டது.

வணக்கம்.