பெற்றோலா, டீசலா? ஒரு மாதக் கொப்பிக் கணக்கு

வணக்கம் நேயர்களே.

கொழும்பு பஞ்சிகாவத்தையில், எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்களைத் திருத்தும் வேலைக்கு நான் சேர்ந்து முப்பது வருடங்கள் கடந்துவிட்டன. அந்தத் தெருவைத் தெரிந்தவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கையின் எந்த மூலையில் ஒரு வாகனம் படுத்துவிட்டாலும், அதற்கு உதிரிப்பாகம் தேடி யாராவது ஒருவர் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். அப்படி வருகிறவர்களில் பலர், வேலை முடிந்து காசு கொடுத்த பிறகு, கடை வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, எனக்கு ஓட்டம் அதிகம். அடுத்த வாகனம் டீசல் எடுப்பதா, பெற்றோல் எடுப்பதா?"

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி வருகிறது. இன்றைய விலையில் ஒரு வாகனம் வாங்குவதென்றால் வீட்டு நகை, வெளிநாட்டிலிருக்கும் சகோதரன் அனுப்பிய பணம், ஐந்து வருட லீசிங் எல்லாம் சேர வேண்டும். தவறாக எடுத்துவிட்டால் ஐந்து வருடமும் அந்தத் தவறுக்குத் தவணை கட்ட வேண்டியிருக்கும். ஆகவேதான் இன்று இதைப் பற்றிப் பேச அழைத்தபோது உடனே ஒப்புக்கொண்டேன்.

என் குருநாதர் காலத்தில் இதற்குப் பதில் ஒரே வரி. ஓட்டம் கூடினால் டீசல். அந்தக் காலத்துக்கு அது சரியான பதில்தான். பஸ், லொறி, மீன்பிடி வள்ளம் எல்லாம் டீசலில் ஓடியதால் அரசாங்கங்கள் டீசல் விலையைத் தாழ்த்தியே வைத்திருந்தன. 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா, சாதாரண டீசலான ஒட்டோ டீசல் 121 ரூபா. லீற்றருக்கு 56 ரூபா வித்தியாசம். பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், டீசல் கார் 16 கிலோமீற்றர் என்று வைத்தால், ஒரு கிலோமீற்றருக்கு முன்னதற்குப் பதினான்கே முக்கால் ரூபா, பின்னதற்கு ஏழரை ரூபா. செலவு சரிபாதி. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆறு மாதம் கழித்து, 2022 ஜூன் கடைசியில், அதே 92 பெற்றோல் 470 ரூபா, ஒட்டோ டீசல் 460 ரூபா. வித்தியாசம் பத்து ரூபாவாகச் சுருங்கியது. அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிபொருள் வரிசையில் வாகனத்துக்குள்ளேயே படுத்து உறங்கினோம். பிறகு எரிபொருளைப் பங்கிட கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று தொடங்கியது. அந்த நெருக்கடி தீர்ந்துவிட்டது. ஆனால் டீசலுக்குக் கிடைத்த பழைய சலுகை விலையை நம்பி இனி யாரும் வாகனம் வாங்கக் கூடாது. இன்று டீசலில் மிச்சம் என்றால், அது முக்கியமாக எஞ்சின் குறைவாகக் குடிப்பதால் வரும் மிச்சம்.

டீசல் எஞ்சின் ஏன் குறைவாகக் குடிக்கிறது? பெற்றோல் எஞ்சினின் மூச்சுக் குழாயில் ஒரு கதவு இருக்கிறது. நீங்கள் மிதியை மிதிக்கும்போது உண்மையில் அந்தக் கதவைத்தான் திறக்கிறீர்கள். மெதுவாகப் போகும்போது கதவு முக்கால்வாசி மூடியிருக்கும். எஞ்சின் மூச்சுக்குத் திணறும். அந்தத் திணறலிலேயே எரிபொருள் வீணாகும். டீசல் எஞ்சின் காற்றை அப்படி நெரித்துத் தன் வலுவைக் கட்டுப்படுத்துவதில்லை. காற்றை நிறைய இழுத்துப் பதினைந்து, பதினெட்டு மடங்குக்கு நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்றே கொதித்துப்போய், பீச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. தீப்பொறி தேவையில்லை. ருடொல்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியியலாளர் 1897இல் ஓட்டிக் காட்டிய அந்த எஞ்சினின் அடிப்படை இன்றும் மாறவில்லை. இதோடு, ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலை விடப் பத்து சதவீதத்துக்கும் கூடுதலான சக்தி அடங்கியிருக்கிறது. குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைக்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு வான் ஓட்டுகிற தம்பிமாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை; அவர்களுடைய வலது காலுக்கே தெரியும்.

இவ்வளவு நல்ல எஞ்சினைப் பற்றி நான் ஏன் எச்சரிக்க வேண்டும்? என் கடைக்கு வந்த ஒரு வானின் கதையைச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் பாடசாலை வான் ஓட்டும் ஒருவர். காலை ஐந்தே முக்காலுக்கு முதல் பிள்ளையை ஏற்றுவார். பம்பலப்பிட்டியில் இறக்குவார். பிறகு அலுவலகம் போகிறவர்கள், மதியம் மறுபடி பிள்ளைகள், மாலையில் டியூசன். ஒரு நாளைக்கு 90 கிலோமீற்றர் வரும். வருடத்துக்கு 25,000 என்று வையுங்கள். ஓட்டம் கூட என்று எல்லோரும் சொல்ல, ஓரளவு புதிய டீசல் வான் ஒன்றைப் பாவித்த நிலையில் எடுத்தார். எட்டு மாதத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இழுவை குறைந்தது. கொண்டுவந்தார்.

நான் முதலில் ஒயில் கோலை உருவிப் பார்த்தேன். ஒயில் குறைந்திருக்கும் என்று நினைத்தால், மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தேன். வழுவழுப்பு இல்லை, தண்ணீர் மாதிரி. முகர்ந்தால் டீசல் வாடை. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

புதிய டீசல் வாகனங்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. டீ.பீ.எப். என்பார்கள். எஞ்சின் கக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏற வேண்டும். அந்தச் சூட்டை எழுப்ப எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீச்சும். வாகனம் கால் மணி நேரம், இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓடினால் காரியம் முடிந்துவிடும். ஆமர் வீதிச் சந்தியில் எங்கே போய் இருபது நிமிடம் வேகமாக ஓடுவது? எரிக்கத் தொடங்கும், பாடசாலை வாசல் வந்துவிடும், எஞ்சினை நிறுத்துவார். மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரியாமல் மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஒயிலோடு கலக்கும். நாளைக்கு 90 கிலோமீற்றர் ஓடியும், அந்த எஞ்சினுக்கு உருப்படியான சூடு ஒரு நாளாவது கிடைத்ததா என்பது சந்தேகம்.

காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றினோம். ஒரு கை நுழையக்கூடிய குழாயில் இரண்டு விரல்தான் நுழைந்தது. மிச்சமெல்லாம் தார் மாதிரி கரி. அந்த மனிதர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு வெயில் சுடக் கூடாது என்று வாசலில் நிற்கும்போதும் ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டவர் அவர். அவர் செய்த நல்ல காரியமும் சேர்ந்துதான் அந்தக் குழாயை அடைத்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி இன்னொருவர். மருந்து நிறுவனமொன்றின் விற்பனைப் பிரதிநிதி. வெள்ளவத்தையிலிருந்து திங்கள் விடியற்காலை புறப்பட்டுப் புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம். போக 400 கிலோமீற்றர், வர 400. இடையில் சுற்றுவதையும் சேர்த்தால் வாரத்துக்கு ஆயிரம். அவரிடம் இருப்பது பழைய டொயோட்டா கொரோலா டீசல். நாலு இலட்சத்து அறுபதாயிரம் ஓடிவிட்டது. பம்பை ஒரே ஒரு தடவைதான் என் மேசையில் பிரித்தேன். புத்தளம் தாண்டினால் மணிக்கு எழுபதில் மணிக்கணக்காக ஒரே சீராக ஓடுகிற எஞ்சின் அது. எந்த டீசலுக்கும் இதைவிட நல்ல வாழ்க்கை இல்லை.

இரண்டு பேருக்கும் ஓட்டம் அதிகம்தான். ஆகவே "எத்தனை கிலோமீற்றர்?" என்று நான் இப்போது முதலில் கேட்பதில்லை. "ஒரு தடவை எஞ்சினை இயக்கினால் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும்?" என்றுதான் கேட்கிறேன். கொழும்புக்குள்ளேயே வருடத்துக்கு 30,000 ஓடுகிறவருக்கு, கரி வடிகட்டி வைத்த புதிய டீசலை நான் சொல்ல மாட்டேன்.

எரிபொருளிலும் ஒரு விடயம் இருக்கிறது. கரி வடிகட்டி உள்ள எஞ்சின்களுக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். நம் நாட்டில் அது சூப்பர் டீசல். எனவே கணக்குப் பார்க்கும்போது ஒட்டோ டீசல் விலையைப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். நான் சொன்ன அந்த 2022 ஜூனில் சூப்பர் டீசல் 520 ரூபா. 92 பெற்றோலை விட 50 ரூபா கூட. அதேபோல டேர்போ வைத்த சில பெற்றோல் கார்கள் 95 ஒக்டேன் கேட்கும். அதுவும் விலை கூடியது. எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு விலையைப் போடுங்கள்.

கொப்பியும் பேனாவும் கையில் இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக வருவதற்காகப் பெற்றோல் 300, டீசல் 280 என்று வைப்போம். 300ஐ 12ஆல் வகுத்தால் கிலோமீற்றருக்கு 25 ரூபா. 280ஐ 16ஆல் வகுத்தால் பதினேழரை. மிச்சம் ஏழரை ரூபா. டீசல் வாகனம் பத்து இலட்சம் கூட விலை என்றால், அந்தப் பத்து இலட்சத்தை ஏழரையால் வகுங்கள். ஒரு இலட்சத்து முப்பத்துமூவாயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகுதான் முதல் ரூபா கையில் மிஞ்சும். வாரம் ஆயிரம் ஓடும் அந்தப் பிரதிநிதிக்கு இரண்டரை வருடம். வருடம் 12,000 ஓடும் அலுவலகக்காரருக்குப் பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடத்துக்குள் ஒரு தடவை, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் தேய்ந்தால், ஒரு வருட மிச்சம் முழுவதையும் அது விழுங்கிவிடும். உங்கள் சொந்த விலைகளைப் போட்டுப் பாருங்கள். வகுக்கும் முறை இதுதான்.

நகருக்குள் வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு என் விருப்பம் பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த பெற்றோல் ஹைபிரிட். நின்று நின்று போகும் கொழும்பு - காலி வீதியில் அது பிரேக்கில் வீணாகும் சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆனால் பழைய ஹைபிரிட் எடுப்பவர்கள் பெரிய பற்றரியைப் பரிசோதித்து, அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓடுகிறவருக்கு ஹைபிரிட்டால் கிடைக்கும் நன்மை குறைவு.

பாவித்த டீசல் எடுக்கப் போகிறீர்கள் என்றால், மீற்றர் காட்டும் எண்ணை நம்பி மட்டும் போகாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளேயிருந்து புகை விட்டுவிட்டுத் தள்ளினால், உள்ளே தேய்ந்துவிட்டது. பிறகு ஒரு நல்ல கடையில் இன்ஜெக்டரின் திரும்பிவரும் டீசலை அளக்கச் சொல்லுங்கள். நான்கு சிறிய போத்தல்களை நான்கு இன்ஜெக்டருக்கும் மாட்டி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுவோம். நான்கிலும் ஒரே அளவில் டீசல் ஏற வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு நிறைந்தால், அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் ஒழுகுகிறது. படிப்பறிவு தேவையில்லாத பரிசோதனை. கண்ணால் பார்க்கலாம்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே நம் வாகனங்களின் புகைக்குழாய் இருக்கிறது. வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பம்பைக் குறைத்து வைத்துவிட்டு மறுநாள் கூட்டித் தரும்படி கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. கரி வடிகட்டியை அறுத்து எடுக்கும்படி கேட்பவர்களுக்கும் அதே பதில்தான்.

பாடசாலை வான்காரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்து, ஒயில் மாற்றி, ஞாயிறு தோறும் கட்டுநாயக்க அதிவேக வீதியில் போய்வரச் சொன்னேன். மூன்று மாதம் போய்வந்தார். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில், வெறும் வானை ஓட்டி டீசலை எரிப்பது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. விற்றுவிட்டுச் சாதாரண பெற்றோல் வான் ஒன்று எடுத்தார். அதை வாங்குவதற்கு முன் ஒரு மாதம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புறப்பட்ட நேரம், நின்ற நேரம், தூரம் மூன்றையும் எழுதி வரச் சொல்லியிருந்தேன். மகளின் பழைய கணிதக் கொப்பியில் எழுதி வந்தார். அறுபத்தெட்டு ஓட்டங்களில் ஒன்றுகூட நிற்காமல் இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டவில்லை.

அந்தக் கொப்பியை அவர் இன்னும் வைத்திருக்கிறார். போன மாதம் கடைப்பக்கம் வந்தபோது காட்டினார். பெற்றோல் செலவு டீசலை விட மாதத்துக்கு எவ்வளவு கூட என்பதை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். எதிர்ப்பக்கத்தில் 'கராஜ்' என்று தலைப்புப் போட்டிருந்தார். அதன் கீழே இரண்டு ஒயில் மாற்றம், ஒரு பிரேக் பட்டை, வேறொன்றும் இல்லை.

வணக்கம்.