அண்டாவும் டம்ளரும்

வணக்கம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதை நம் ஊரில் ‘கரண்டு வைக்கிறார்கள்’ என்பார்கள். உடம்பில் கரண்டு எதுவும் பாய்வதில்லை, போவது எக்ஸ் கதிர். அது போகட்டும். அந்தக் கதிர் எவ்வளவு போகிறது என்று அளந்து வைப்பது என் வேலை. மெஷினுக்குப் பின்னால் பிசிசிஸ்ட் என்று ஒருவர் இருப்பது நோயாளிகள் பலருக்குத் தெரியாது. கடைத் தராசுக்கு முத்திரை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள், அந்த மாதிரிதான்.

கதிரை ‘கிரே’ என்ற அளவில் சொல்கிறோம். ஒரு கிலோ திசுவில் எத்தனை ஜூல் ஆற்றல் தங்கியது என்பதே கணக்கு.

நான் வளர்ந்தது ஓட்டு வீடு. மழை வந்தால் கூடத்தில் ஒரே இடத்தில் நூல் மாதிரி ஒழுகும். அம்மா அண்டாவை வைப்பார். ஒரு மழைக்கு அண்டாவின் அடி நனையும், அவ்வளவுதான். அப்பா எட்டிப்பார்த்து, “ஒழுகலே இல்லையே, ஓடு மாற்ற வேண்டாம்” என்பார். ஒருநாள் அண்டா கிடைக்காமல் அம்மா டம்ளரை வைத்தார். அரைமணியில் வழிந்து ஓடியது! அதே ஓட்டை, அதே மழை. அப்பா தண்ணீரின் உயரத்தைத்தான் பார்த்தார், பாத்திரத்தின் அகலத்தைப் பார்க்கவில்லை. மறுநாளே ஓடு மாற்றினோம் என்று நினைக்காதீர்கள், அது வேறு கதை.

கதிரை அளக்க நாங்கள் வைக்கும் அண்டாவின் பெயர் அயனிக் கலம். பென்சில் பருமன், இரண்டு செ.மீ.க்கு மேல் நீளம், உள்ளே 0.6 கன செ.மீ. காற்று. மெஷினிலிருந்து வரும் கதிர்க் கற்றை 10 செ.மீ. சதுரமாக இருந்தால், அதை அளக்க இதைவிட நம்பகமான கருவி கிடையாது. ஆனால் மூளையில் குன்றிமணி அளவுக் கட்டிக்கு விடும் கற்றை 6 மி.மீ.தான் இருக்கும். அதில் இந்தக் கலத்தை வைத்தால் பாதிக்கு மேல் வெளியே நிற்கும். நடுவில் கொட்டுவதையும் ஓரத்தில் தூறுவதையும் சேர்த்துச் சராசரி காட்டும். கற்றை உண்மையைவிடப் பலவீனமாகத் தெரியும்.

இங்கேதான் விபரீதம். பலவீனம் என்று நம்பினால் நேரத்தைக் கூட்டுவோம். அளவு குறைவாகத் தெரிந்தால் நோயாளிக்குப் போவது அதிகம். மறுபடியும் சொல்கிறேன்: கருவி குறைத்துக் காட்டினால், தலைக்குள் அதிகம் போகும்.

பிரான்சில் துலூஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 2006 ஏப்ரல் முதல் ஓராண்டு இதுதான் நடந்தது. சின்னக் கற்றைகளைப் பெரிய கலத்தால் அளந்துவிட்டார்கள். 145 பேருக்கு அளவு மீறிய கதிர் போனது. மெஷின் பழுதாகவில்லை, யாரும் தூங்கிவிடவில்லை. தினசரிச் சோதனை எதிலும் இது சிக்காது, ஏனென்றால் தப்பு எண் முதல் நாளே கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மற்ற ஊர்களின் அளவுகளோடு ஒப்பிட்டபோதுதான் வெளிப்பட்டது.

சரி, சின்னக் கருவி வாங்கினால் தீர்ந்ததா? இல்லை. சிலிக்கான் டயோடு கடுகளவு இருக்கும், ஆனால் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி. உடம்புக்குப் பதிலாகத் தண்ணீரில்தான் அளக்கிறோம். மிகக் குறுகிய கற்றையில் அது கூட்டிக் காட்டும். காற்றுக் கலத்தை எவ்வளவு சுருக்கினாலும் காற்று காற்றுதான், அது குறைத்தே காட்டும். அதனால் எந்தக் கருவிக்கு எந்தக் கற்றையில் எவ்வளவு திருத்தம் என்று பன்னாட்டு அணுசக்தி முகமை 2017-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. என் மேஜையில் அதன் பட்டியல் பக்கங்கள்தான் அதிகம் அழுக்கானவை.

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் மிச்சம். வைர உணர்கருவி பற்றி நிறையக் குறித்து வந்திருந்தேன், ஒரு வரியில் முடிக்கிறேன்: திசுவைப் போலவே பெரும்பாலும் நடந்துகொள்ளும், விலைதான் மலைக்க வைக்கும். அப்புறம் ஃபிலிம். அதில் கற்றையின் உருவமே படமாக விழும். கருவி நடுவிலிருந்து அரை மி.மீ. நகர்ந்தாலும் எண் சரியும் என்பதால், தண்ணீர்த் தொட்டியில் அதை நடுவில் நிறுத்தவே எங்களுக்கு ராத்திரி போய்விடும். பகலில் மெஷின் நோயாளிகளுக்கு. டயோடும் வைரமும் ஃபிலிமும் திருத்தத்துக்குப் பிறகு ஒத்துப்போனால் கையெழுத்துப் போடுவேன். இல்லாவிட்டால் மறுநாள் ராத்திரி மறுபடி தொட்டியை நிரப்புவோம். வணக்கம்.