சோம்நாத் ஹோர்: வெள்ளைத்தாளில் விழுந்த காயம்

எல்லோருக்கும் வணக்கம். ஓவியர், அச்சுக்கலைஞர், சிற்பி சோம்நாத் ஹோர் 1921-இல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள சிட்டகாங் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர்; 2006-இல் சாந்திநிகேதனில் காலமானார். அவர் வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்றுதான்: அடிபட்ட மனித உடல்.

அது எங்கிருந்து வந்தது? 1943 வங்கப் பஞ்சத்திலிருந்து. லட்சக்கணக்கானோர் சோறின்றிச் செத்த காலம் அது. சித்தப்ரசாத் என்ற ஓவியர் இளைஞரான ஹோரைத் தெருவுக்குக் கூட்டிப்போய், பட்டினி கிடப்பவர்களை நேரில் பார்த்து வரையச் செய்தார். கல்கத்தா கலைக் கல்லூரியில் சேர்ந்ததும், பஞ்சத்தை வரைந்த ஓவியர் ஜைனுல் ஆபிதீனிடம் படித்ததும் அப்புறம்தான். 1946 கடைசியில் வடக்கு வங்கத்து ரங்க்பூருக்குப் போனார். நிலக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்டவர்கள், தங்களுக்குப் பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தெபாகா என்ற விவசாயிகள் போராட்டத்தில் இறங்கியிருந்தார்கள். அங்கே நாட்குறிப்பு எழுதினார், கூடவே படமும் வரைந்தார். அந்தக் கோடுகளில் பரிதாபத்தைவிட மரியாதைதான் எனக்கு அதிகம் தெரிகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1970களின் ‘காயங்கள்’ வரிசையைத்தான். அச்சுக்கலை படிக்கிற பிள்ளைகள் கவனியுங்கள். எட்சிங், அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசித் தாளில் படம் அச்சிடும் முறை. அதில் அமிலம் தகட்டை அரித்துத் தின்கிறதே, அதையே ஒரு காயமாகப் பார்த்தவர் அவர். இந்த வரிசையில் தகட்டையும் விட்டுவிட்டார். களிமண்ணைத் தட்டையாகப் பரப்பிக் கத்தியால் கீறினார், சூடான கம்பியால் துளைத்தார். அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, அதன்மேல் காகிதக்கூழை அழுத்திக் காயவைத்தார். கையில் வந்தது பெரும்பாலும் வெறும் வெள்ளைத்தாள். முகம் கிடையாது, ஆள் கிடையாது. பிளந்த தோல் மட்டும். புகைப்படத்தில் இதில் பாதிகூடத் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது நேரில் பார்க்க வேண்டும். யாருடைய காயம் என்று சொல்லாததால்தான் பஞ்சத்தில் செத்தவரையும் போரில் செத்தவரையும் அந்தத் தாள் ஒன்றாகத் தாங்குகிறது என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில் வெண்கலத்துக்கும் வந்தார். மெழுகுத் தகடுகளைக் கிழித்து ஒட்டி உருவம் செய்து வார்த்தார்; கிழிசலை அவர் மெழுகி மறைக்கவில்லை. வியட்நாம் மக்களை நினைத்துச் செய்த பெரிய தாயும் சேயும் சிற்பம், 1977-இல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனத்திலிருந்து களவுபோனது. திரும்பக் கிடைக்கவே இல்லை. அதன் பிறகும் அவர் வார்ப்பை விடவில்லை. ஒட்டிய வயிற்று ஆடுகளையும், பிள்ளையை அணைத்த தாய்மார்களையும் சிறிய அளவில் செய்துகொண்டே இருந்தார்.