70 என்று பெயர், எண்ணினால் 63

[திரையில்: லயத்து வீட்டுச் சுவரில் ஒரு கோயில் கலண்டர். பெப்ரவரி மாதம்.]

வணக்கம். உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் நோன்புக் காலமான தவக்காலம் எப்போது தொடங்கும் என்று அட்டனிலோ நுவரெலியாவிலோ கேளுங்கள், விபூதிப் புதன் என்று உடனே பதில் வரும். ஆனால் 1969இல் கலண்டரைத் திருத்தும் வரை, கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு 17 நாள் முன்பே தயாராகத் தொடங்கிவிடும். குருவானவர் ஊதா உடை போடுவார், பூசையில் அல்லேலூயா நின்றுவிடும். நோன்பு மட்டும் இன்னும் வந்திருக்காது. அந்தக் காலத்தின் பெயர் செப்துவாஜெசிமா. லத்தீனில் 'எழுபதாவது'.

[திரையில்: பெப்ரவரி 1 முதல் ஏப்ரல் 5 வரை வட்டமிடப்படுகிறது.]

சரி, எண்ணிப் பார்ப்போம். 2026இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5. பழைய கணக்கில் செப்துவாஜெசிமா ஞாயிறு பெப்ரவரி 1. நடுவில் 63 நாள்தான்! அடுத்த ஞாயிறின் பெயர் 'அறுபதாவது', அதற்கடுத்தது 'ஐம்பதாவது'. ஏழு நாள் போனால் பத்து எப்படிக் குறையும்?

தவக்காலத்துக்கே லத்தீனில் 'நாற்பதாவது' என்றுதான் பெயர். 'ஐம்பதாவது' ஞாயிறு, இரு முனையையும் சேர்த்து எண்ணினால், சரியாக 50. மற்ற இரண்டும் அதே வரிசையில் பத்துப் பத்தாய் ஏற்றி வைத்த பெயர்கள் என்பதே பொதுவான விளக்கம். 9ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகரத்து இறையியலாளர் அமலாரியுஸ் இதை யூதர்களின் 70 வருட பாபிலோன் சிறைவாசத்தோடு இணைத்தார். உயிர்ப்புக்கு அடுத்த சனிக்கிழமை வரை எண்ணினால் 70 வருகிறது என்பதும் உண்மை. எனக்கென்னவோ, பெயர் வந்த பிறகு தேடிப் பிடித்த காரணம் போலத்தான் படுகிறது.

[திரையில்: கொழுந்து நிறுக்கும் தராசு.]

590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார், இந்த ஞாயிறில் ரோமின் புனித லோரன்ஸ் கோயிலில் பிரசங்கம் செய்திருக்கிறார். எடுத்துக்கொண்டது திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை, மத்தேயு 20. மலையகத்துக் காதில் இது வேறு மாதிரி விழும். விடியக்காலை ஆள் பிரித்து அனுப்புவது நமக்குப் பிரட்டுக்களம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, என்பதும் தெரிந்த கதை. உவமையிலோ, கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுப்பேர்! நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள் முணுமுணுத்ததை நம் ஆட்கள் தப்பென்று சொல்வார்களா? அப்புறம் பாருங்கள், முணுமுணுத்தவர்களுக்கும் பேசிய கூலியில் ஒரு காசு குறையவில்லை.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 செப நூலிலும் இந்தப் பெயர்கள் உண்டு. பழைய லத்தீன் பூசை முறையை விடாதவர்கள் இன்றும் இதை அனுசரிக்கிறார்கள். புதிய கலண்டரில் அந்த வாரங்கள் சாதாரணப் பொதுக்காலம், பச்சை உடை. உவமை மட்டும் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறுக்கு மாறியது, அதுவும் மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான். 2026இல் அது செப்டம்பர் 20.