கிணற்றில் விழாத வெளிச்சம்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர் ஐயா அவர்களே, இந்த நூலகத்தைத் தன் வீடு போலப் பார்த்துக்கொள்ளும் நூலகர் அம்மா அவர்களே, தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தானாம் ஒருவன். விளக்கு இருந்தும் ஏன் விழுந்தான்? சுடரைக் கண்ணுக்கு நேரே பிடித்திருப்பான். கண் கூசினால் காலடி எப்படித் தெரியும்?

இந்தக் கண்கூச்சத்தோடு வாழ்நாள் முழுக்கப் போராடியவர் டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் பௌல் ஹென்னிங்சன். 1894இல் பிறந்தவர். மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியில் வளர்ந்த அவருக்கு, மின்சார பல்பின் வெறும் வெளிச்சம் பிடிக்கவே இல்லை. கூச்சம், நிழல், நிறம் என்று அவர் கவனித்த மூன்றையும் இன்று பேச நினைத்திருக்கிறேன். முதலில் கூச்சம்.

எங்கள் தெருவில் ஒரு தையல்கார மாமா இருந்தார். தீபாவளி வாரம் ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். தலைக்கு மேலே ஒற்றை வயரில் நூறு வாட் குண்டு பல்பு. ஒரு வருஷம் என் கறுப்புக் கால்சட்டையை நீல நூலில் தைத்துவிட்டார். அப்பா சண்டைக்குப் போனார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வெளிச்சம் பத்தலைங்க" என்றார். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. இருநூறு வாட் பல்பு வாங்கி வந்து தானே மாட்டினார். இன்னும் மோசம்! மாமாவுக்குக் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. அத்தை அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பழைய டால்டா டப்பாவை வெட்டி விரித்து, பழைய நூறு வாட் பல்பையே போட்டு, அதற்கு மேலே குடை மாதிரி கட்டித் தொங்கவிட்டார். மாமா ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தார். தெருவே வந்து பார்த்தது.

அத்தை தகரத்தில் செய்ததை ஹென்னிங்சன் கணக்குப் போட்டுச் செய்தார். அவருடைய விளக்குக்கு 1925இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அடுத்த வருஷமே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று குடைகள் வந்தன. சங்கின் சுருள் போன்ற வளைவு அவற்றுக்கு. ஒளி குடையின் எந்த இடத்தில் பட்டாலும் ஏறக்குறைய ஒரே சாய்வில் படும். மேசையில் வெளிச்சம் விழும், பல்பு கண்ணில் படாது. 1958இல் அவருடைய பிஎச் 5 என்ற தொங்குவிளக்கு வந்தது, ஐம்பது சென்டிமீட்டர் அகலம். அதே வருஷம் கோபன்ஹேகனின் லாங்கெலினி உணவகத்துக்கு எழுபத்திரண்டு உலோக இதழ்களால் ஒரு விளக்கு செய்தார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பல்பு தெரியாது. மனுஷனை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நிழலையும் நிறத்தையும் இன்னொரு நாள் பார்ப்போம். பேரூராட்சித் தலைவர் கிளம்புவதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வாசிப்பறையில் எட்டு எல்.இ.டி. பட்டைகள், எல்லாம் மூடியில்லாமல். ராத்திரி படிக்கும் பிள்ளைகள் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு படிக்கிறார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவது இதுதான் ஐயா! இன்னும் நாலு விளக்கு வாங்க வேண்டாம். இருப்பதற்குக் குடை போடுங்கள். தெருவிளக்குகளுக்கும் இதே வேண்டுகோள்தான்.

ஒரு தகரக் குடையை நானே வெட்டி, உள்பக்கம் வெள்ளையடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். நூலகர் அம்மா சம்மதித்தால், கூட்டம் முடிந்ததும் சன்னலோர மேசைக்கு மேலே மாட்டிவிடலாம். தம்பிகள் இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.