சேலத்துக்கென்று ஒரு பேச்சு வானொலி ஏன் இல்லை? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி வாழப்பாடியிலிருந்து. கேட்டவர் மரவள்ளி விவசாயி, அங்கே ஓர் உழவர் குழுவிலும் இருக்கிறார். அவர் கேட்டதை அப்படியே படிக்கிறேன்: "சின்ன வயதில் திருச்சி வானொலியும் கோவை வானொலியும் கேட்டு வளர்ந்தோம். விவசாயம், வைத்தியம், பேட்டி, நாடகம் என்று பேச்சு நிறைய இருக்கும். இப்போது எந்த எஃப்எம்மைத் திருப்பினாலும் பாட்டும் விளம்பரமும்தான். எங்கள் மாவட்டத்து விஷயத்தைப் பேசுகிற வானொலி ஏன் இல்லை? தனியார் எஃப்எம்மில் செய்தியே சொல்லக் கூடாதாமே, உண்மையா? நாங்களே ஒன்று தொடங்கலாமா?"

நல்ல கேள்வி ஐயா. எனக்கும் ரொம்ப நாளாக இருக்கிற ஆதங்கம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938-ல் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதமே திருச்சி. கோவைக்கு 1966-ல் வந்தது. சேலம் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், கோவை 999, இரண்டும் மத்திய அலை, அதாவது மீடியம் வேவ். மத்திய அலை தரையை ஒட்டியே தவழ்ந்து வரும், மலை குறுக்கே நின்றாலும் பெரிதாகத் தடைபடாது. அதனால் இரண்டுமே இங்கே கேட்டன. பஞ்சாயத்து ரேடியோ வைத்த கிராமங்களில் சாயங்காலம் ஒலிபெருக்கியில் விவசாய நிகழ்ச்சி ஓடும், திண்ணையில் உட்கார்ந்தபடி ஊரே கேட்கும். இப்படி இரண்டு பக்கமும் கேட்டதால்தான் சேலத்துக்குத் தனி நிலையம் வேண்டுமென்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் கேட்ட பேச்சு யாருடைய பேச்சு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. திருச்சி வானொலி காவிரிப் பாசன விவசாயிக்காகப் பேசியது, அற்புதமாகப் பேசியது. 1960-களில் ஏடிடி 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொல்லி, தஞ்சாவூர்ப் பக்கம் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. பேச்சு வானொலிக்கு என்ன பலம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் நம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கும், ஜவ்வரிசி ஆலைக்கும் அந்த மாதிரி தினமும் பேச ஒரு குரல் இருந்ததா? மேட்டூர் அணை நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் நீர்மட்டம் வானொலியில் வரும்போதெல்லாம் டெல்டாவுக்குத் தண்ணீர் எப்போது என்கிற கணக்கில்தான் வரும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் நிலையம், அவர்கள் நேயர்கள்.

1984-ல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தைத் தொடங்கினார்கள். ஒரு வட்டாரத்துக்கு அதன் பேச்சு வழக்கில், அதன் தேவைக்கு ஒரு நிலையம் என்பதுதான் எண்ணம். பக்கத்துத் தருமபுரிக்கும் பின்னாளில் நிலையம் கிடைத்தது. சேலத்துக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் எஃப்எம் காலம். கொடைக்கானல் எஃப்எம், 100.5, சேலத்தில் எத்தனையோ வீடுகளில் ஓடியது. அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருகிறது என்றால், எஃப்எம் அலை ஏறக்குறையப் பார்வை போகிற நேர்க்கோட்டில்தான் போகும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அதன் பார்வை நம் ஊர் வரைக்கும் எட்டுகிறது. அதே காரணத்தால் சேர்வராயன் மலை குறுக்கே நிற்கிற இடத்தில் எடுக்காது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் மாதிரி சேலத்தைப் பார்த்த பக்கத்துக்கும், மலைக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கிற ஊர்களுக்கும் ஒரே மாதிரி கேட்காது. இது கொடைக்கானலுக்கு மட்டுமில்லை, எந்த எஃப்எம்முக்கும் பொருந்தும். நிலையம் தொடங்க நினைப்பவர்கள் மறக்கக் கூடாத விஷயம்.

தனியார் எஃப்எம் நம் ஊருக்கு வந்தது 2011-ல் மத்திய அரசு தனியார் எஃப்எம்முக்கு அறிவித்த மூன்றாம் கட்டக் கொள்கைக்குப் பிறகுதான். நீங்கள் கேட்டது உண்மை. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலிச் செய்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் பரிந்துரை செய்தது. நாளிதழுக்கும் டிவிக்கும் இருக்கிற உரிமை ரேடியோவுக்கு இல்லை என்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

ஆனால் ஐயா, செய்திக்குத்தான் தடை. பேச்சுக்குத் தடை இல்லை. அதே கொள்கை எதையெல்லாம் செய்தி இல்லை என்று ஒதுக்கி அனுமதிக்கிறது தெரியுமா? போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை. மின்தடை, குடிநீர் மாதிரியானவற்றை மட்டும் உள்ளூர் நிர்வாகம் தருகிறபடி சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்து மனிதன் காலையில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நேரத்தில் கரண்டும் இல்லாமல் செல்போனும் சார்ஜ் இறங்கிக் கிடக்கும். இரண்டு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டரில் எந்த வழி திறந்திருக்கிறது என்று சொல்ல எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

பின்னே ஏன் பேச்சு இல்லை? செலவுதான். தனியார் உரிமம் ஏலத்தில் எடுப்பது. போட்ட பணத்தை விளம்பரத்தில் எடுக்க வேண்டும். பாட்டை வரிசையாக அடுக்கிவைத்தால் ஒரு ஆள் போதும். ஒரு மணி நேரம் உருப்படியாகப் பேச வேண்டும் என்றால் விஷயம் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், நேயர் அழைப்புகளை வாங்கிப் பிரித்து எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், சொல்வது சரியா என்று முன்னாடியே பார்க்க வேண்டும்.

கேட்க ஆள் இருக்கிறார்களா என்று சிலர் கேட்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கண் வெள்ளியில் இருக்கும், ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் பற்றவைக்கிற தீ. செல்போனைத் தொட முடியாது, திரையைப் பார்க்க முடியாது. காது மட்டும் நாள் முழுக்கச் சும்மா இருக்கிறது. கைத்தறியில் உட்கார்கிறவர்களும் சங்ககிரி லாரி ஓட்டுநர்களும் அப்படித்தான். விசைத்தறிக் கூடத்தில் வேண்டுமானால் சத்தத்தில் பேச்சு எடுபடாது, அங்கே பாட்டே சரி. மற்ற இடத்திலெல்லாம் நல்ல பேச்சுக்குக் காது காத்துக்கிடக்கிறது.

உங்கள் மரவள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி 2020-க்குப் பிறகு நம் பக்கம் எவ்வளவு பாடுபடுத்தியது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைத்து அதை அழித்துவிடும். இதில் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி, குளவி இருக்கிற காட்டில் கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் குளவியும் சேர்ந்து செத்துப்போகும் என்பது. ஏத்தாப்பூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கிருக்கிற விஞ்ஞானியை வாரம் ஒரு மணி நேரம் மைக் முன்னால் உட்காரவைத்து, விவசாயிகள் போன் போட்டுக் கேட்டால், அது எத்தனை ஏக்கரைக் காப்பாற்றும்! அதைத்தான் அன்றைக்கு நெல்லுக்குத் திருச்சி செய்தது.

இப்போது மூன்றாவது கேள்வி, நாங்களே தொடங்கலாமா? தொடங்கலாம். அதற்குப் பெயர் சமுதாய வானொலி. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னதிலிருந்து இந்தக் கதவு மெல்லத் திறந்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2006-ல் தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் மையங்களும் நடத்தலாம் என்று ஆனது. தனி ஆளுக்கும் அரசியல் கட்சிக்கும் கிடையாது. சக்தி பொதுவாக 100 வாட், ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை எட்டும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும். சொந்தச் செய்தி இதிலும் கூடாது. விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை போடலாம் என்று 2024-ல் உயர்த்தியிருக்கிறார்கள். கரண்ட் பில்லுக்கும் இரண்டு பேர் சம்பளத்துக்கும் அலைகிற நிலையத்துக்கு இது பெரிய ஆறுதல்.

ஏற்காட்டு மலைக்கிராமங்களுக்கு இது இன்னும் பொருத்தம். அங்கே மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சு வழக்கே தனி. காபி, மிளகு பற்றி அவர்கள் பாஷையிலேயே அவர்கள் வீட்டுப் பெண் பேசினால் கேட்கிற விதமே வேறாக இருக்கும். மலை மறைக்கிற கதையை முன்னாடி சொன்னேன் இல்லையா, அதனால் கீழே சேலத்தில் வைத்து மேலே எட்டவைக்கலாம் என்று பார்க்காமல், மலை மேலேயே வைக்க வேண்டும்.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது: சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகி மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், முதலில் அதைப் பாருங்கள். ஆகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். சந்தியூரில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, அவர்கள் விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர்கள். ஒரு கல்லூரியையும் அணுகலாம். நீங்கள் நிகழ்ச்சிப் பொறுப்பை ஏற்கிறோம் என்று போய்ப் பேசுங்கள். விண்ணப்பம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு இணையம் வழியாகப் போகும், உத்தரவு வரக் காலம் பிடிக்கும். அதுவரைக்கும் போனிலேயே வாரம் ஒரு பேச்சைப் பதிவு செய்து உழவர் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். முதல் பதிவுக்கு ஏத்தாப்பூரே போங்கள். இந்தப் பட்டத்துக்கு மாவுப்பூச்சி எங்கெங்கே தெரிகிறது என்று கேட்டு ஆரம்பியுங்கள்.

சரி, அடுத்த கேள்வி ஓமலூரிலிருந்து வந்திருக்கிறது, பழைய வால்வு ரேடியோவைப் பழுது பார்ப்பது பற்றி.