பை சுமந்த தோள்

நடுவர் அவர்களே, மலையேறி வந்திருக்கும் சேலத்துப் பெரியோர்களே, ஏற்காட்டுச் சொந்தங்களே, வணக்கம்.

கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கின் உயர்வுக்குப் பெரிதும் காரணம் தன் முயற்சியா, குடும்பமா என்பது தலைப்பு. குடும்பமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி கேட்டார்: "பந்தை அடித்தது அதிதியின் கைதானே? அப்பா அம்மாவா வந்து அடித்தார்கள்?" நல்ல கேள்வி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெங்களூரில் ஓர் உணவகம். எதிரே கோல்ஃப் மைதானம். சாப்பிட வந்த இடத்தில் ஐந்து வயதுக் குழந்தை வேடிக்கை பார்க்கிறது. வீட்டில் ஒருவருக்கும் அந்த ஆட்டம் தெரியாது. "சாப்பிட்டு முடி, கிளம்பலாம்" என்று சொல்லியிருந்தால் கதை அந்த இலையோடு முடிந்திருக்கும். அப்பா கூட்டிக்கொண்டு போனார், தானும் சேர்ந்து கற்றுக்கொண்டார். அந்தக் குழந்தைதான் 17 வயதில், 2016 தொடக்கத்தில், தொழில்முறை வீராங்கனை ஆனார். அதே ஆண்டு நவம்பரில் இந்திய ஓப்பன் பட்டம், ஐரோப்பியத் தொடரில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர்.

தொழில்முறை என்றால் மாதச் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கமான நான்கு நாள் போட்டியில், இரண்டு நாள் ஆடியதும் பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள். கழிக்கப்பட்டால் பொதுவாகப் பரிசுப் பணம் கிடையாது. ஆனால் விமான டிக்கெட்டுக்கும் ஓட்டல் அறைக்கும் செலவழித்தது செலவழித்ததுதான். பெயர் வருவதற்கு முன் அதைத் தாங்குவது யார்? எந்த வீட்டிலும் அப்பா அம்மாதான்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். தனிநபர் கோல்ஃபில் ஆட்டத்தின் நடுவே யோசனை கேட்க ஒரே ஓர் ஆளுக்குத்தான் அனுமதி: பை சுமக்கும் உதவியாளர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அந்தப் பையைச் சுமந்தது அப்பா. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா! பதினான்கு மட்டைகள் வரை வைக்கும் பை, 18 குழி, நான்கு நாள், ஆகஸ்ட் வெயில். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர், அந்த ஆண்டுதான் கொரோனாவில் படுத்து எழுந்தவர், கடைசி நாள் வரை பதக்கப் போட்டியில் நின்றார். கடைசிக் குழியில் தூரத்திலிருந்து தட்டிய பந்து குழியை ஒட்டி நழுவியது. ஒரே ஓர் அடி கூடியதால் பதக்கம் போய் நான்காம் இடம். அந்த நொடியில் பக்கத்தில் நின்றது பெற்ற தாய், ஐயா!

2023 ஆசிய விளையாட்டில் ஏழு அடி குறைவாக அடித்துப் பெற்றிருந்த முன்னிலையைக் கடைசி நாளில் இழந்து வெள்ளி வாங்கினார். இரண்டு மாதத்துக்குள் ஸ்பெயினில் பட்டம். அந்த எழுச்சி அவர் நெஞ்சுரம், மறுக்க மாட்டேன். அந்த நெஞ்சுரம் வளர்ந்த வீட்டைத்தான் நான் காட்டுகிறேன்.

நம் ஊருக்கே வாருங்கள். அதே 2016, அதே ரியோ. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற பெரியவடகம்பட்டி மாரியப்பனை வளர்த்தது காய்கறி விற்ற தாய். நாளைக் காலை ஐந்தரைக்குச் சேலம் காந்தி ஸ்டேடியம் போய்ப் பாருங்கள் நடுவர் அவர்களே. மகள் ஓடிக்கொண்டிருப்பாள். படிக்கட்டில் ஓர் அம்மா, ஒரு கையில் டிபன் பாக்ஸ், மறு கையில் மகளின் செருப்பு. அவரைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.